வள்ளி கும்மி: திருப்பூர்ப் பகுதியின் கூட்டுப்பாட்டும் வீட்டு வாழ்வும்

வள்ளி கும்மி என்பது வள்ளி, முருகன் திருமணக் கதையைப் பலர் வட்டமாக நின்று, கைகொட்டி, அடியெடுத்து ஆடியபடி சேர்ந்து பாடும் கொங்கு நாட்டு நாட்டார் கலை ஆகும். ஒயில் கும்மி, வள்ளி ஒயில் கும்மி, வள்ளி முருகன் கும்மி என்ற பெயர்களும் இதற்கு உண்டு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் இது பரவலாக ஆடப்படுகிறது. திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கேயம், தாராபுரம், உடுமலை வட்டாரங்களின் கோயில் விழாக்களில் இன்று மிகுதியாகக் காணப்படும் கூட்டுக்கலை இதுவே.

ஊரார் கூடிப் பாடும் குழுவைக் குறிக்கத் தமிழில் 'சேர்ந்திசை' என்ற சொல் வழக்கில் உள்ளது. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் தொடங்கிய மெட்ராஸ் யூத் கொயர் குழுவும், வானொலி நிலையங்களின் சேர்ந்திசை நிகழ்ச்சிகளும் இச்சொல்லைப் பரப்பின. அந்தச் சேர்ந்திசையில் பாடுவோர் வரிசையாக நிற்பர். குரல்கள் பல பகுதிகளாகப் பிரிந்து ஒலிக்கும். முன்னால் ஒருவர் கையசைத்து நடத்துவார். வள்ளி கும்மியில் இவை எவையும் இல்லை. எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவர். தாளத்தைக் கைகளும் கால்களும் சேர்ந்து காக்கும். ஆயினும் பாட்டுப் பயிற்சி பெறாத ஊர்க்காரர்கள் பல வாரங்கள் கூடிக் கற்று, ஒரே குரலாக ஒலிக்கிறார்கள் என்ற வகையில் இதுவும் ஒரு சேர்ந்திசைதான். திருப்பூர்ப் பகுதியில் ஊர்ச் சேர்ந்திசை என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

இன்று இக்கலை பெரும்பாலும் பெண்களிடம் இருக்கிறது. பகலில் பனியன் கம்பெனி வேலை, காலையும் மாலையும் சமையல் என்று நாளின் எல்லா மணிகளும் முன்பே பங்கிடப்பட்டுவிட்ட வீடுகளிலிருந்துதான் அவர்கள் வருகிறார்கள். எனவே வள்ளி கும்மியைப் புரிந்துகொள்ள அதன் பாட்டையும் அடவையும் மட்டும் பார்த்தால் போதாது. பாட்டுக்கு வேண்டிய இரவு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதை

முருகனோடு வள்ளியைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் மிகப் பழையது. நற்றிணையிலேயே இதற்குக் குறிப்பு உண்டு. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் 'வள்ளியம்மை திருமணப் படலம்' இக்கதையை விரிவாகச் சொல்கிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்க்கிறான். பெண் வளர்ந்ததும் தினைப்புனத்துப் பரணில் நின்று கவண் வீசிக் கிளி ஓட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். அண்ணன் விநாயகன் யானையாக வந்து பெண்ணை அச்சுறுத்தித் தம்பிக்கு உதவுகிறான். இருவரும் ஊரை விட்டு நீங்க, வேடர்கள் தொடர்ந்து சென்று போரிட்டு வீழ்கின்றனர். பின்னர் அவர்கள் உயிர்பெற்று எழ, ஊரறியத் திருமணம் நடக்கிறது.

கும்மியில் இக்கதை புராணத்தின் நடையில் வருவதில்லை. நாட்டார் வழக்கில் முருகன் வளையல் விற்பவனாகவும் வருவான். வள்ளிக்கும் கிழவனுக்கும் நடக்கும் வாக்குவாதம் கொங்கு வீட்டுத் திண்ணைப் பேச்சைப் போல நீளும். கிழவன் தண்ணீர் கேட்பதும், விக்குவதும், வள்ளி அவனை ஏசுவதும் கேட்போர் சிரிக்கும் இடங்கள். புனத்தில் பறவை ஓட்டும் 'ஆலோலம்' வட்டத்தில் உள்ள அனைவரும் குரலெழுப்பும் இடம். புதிதாகச் சேர்ந்தவர்கள் கூச்சம் விடுவது பெரும்பாலும் இங்கேதான். அந்த ஓசையைத் தணிந்த குரலில் எழுப்ப முடியாது.

பாட்டும் அடவும்

ஆசிரியர் ஒருவர் ஓரடியைப் பாட, வட்டத்தில் நிற்போர் அதைத் திருப்பிப் பாடுவது இதன் அடிப்படை. ஆசிரியரை 'வாத்தியார்' என்றே அழைப்பர். அவர் வட்டத்தின் நடுவிலோ ஓரத்திலோ ஒலிவாங்கியுடன் நிற்பார். அவருடன் முன்பாட்டுப் பாடுவோர் ஓரிருவர் இருப்பதும் உண்டு. தவில், பம்பை, உறுமி போன்ற தோற்கருவிகள் துணை நிற்கும். கருவி இல்லாத பயிற்சி நாள்களில் கைகொட்டும் ஓசையே போதுமானதாக இருக்கிறது.

கும்மிப் பாடல்கள் பெரும்பாலும் மும்மை நடையில் அமைந்தவை. ஒவ்வொரு சீரும் மூன்று எண்ணிக்கையில் உருளும். அடியின் இறுதியில் ஓர் அசை நீண்டு ஒலிக்கும், அல்லது ஓசையின்றி ஓர் இடைவெளி விழும். செய்யுள் இலக்கணம் படிக்கும் மாணவர்கள் சிந்துப் பாடல்களில் கற்கும் 'அசை நீட்டம்' இதுவே. ஏட்டில் அது ஒரு விதி; வட்டத்தில் அதற்கு ஒரு வேலை உண்டு. அந்த நீட்டத்தில்தான் ஆடுபவர் மூச்சு வாங்குகிறார், உடலைத் திருப்புகிறார், அடுத்த அடிக்குக் காலை மாற்றுகிறார். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டே பாட எவராலும் இயலாது. பாரதியார் 'பெண்கள் விடுதலைக் கும்மி' எழுதியபோது இந்த நடையையே எடுத்துக்கொண்டார். பலர் கூடிப் பாடுவதற்கு ஏற்ற வடிவம் இது என்பதை அவர் அறிந்திருந்தார்.

கைகொட்டுவதில் உள்ளங்கைகள் முழுதும் படும் கொட்டு, குவித்த கைகளின் கொட்டு, விரல் நுனிகள் மட்டும் படும் கொட்டு என வேறுபாடுகள் உண்டு. குனிந்து தாழ்வாகக் கொட்டுவதும், நிமிர்ந்து தலைக்குமேல் கொட்டுவதும் மாறி மாறி வரும். காலடி முன்னும் பின்னும் செல்லும்; பாதி சுற்றித் திரும்பும்; சில அடவுகளில் வட்டம் உள்நோக்கிச் சுருங்கி மீண்டும் விரியும். கதை விரைவு கொள்ளும் இடத்தில் காலம் ஏறும். பாட்டு மறந்தவர் பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்துச் சமாளிப்பார். அடி மறந்தவரைப் பாட்டு இழுத்துச் செல்லும். இரண்டும் மறந்தவர் அடுத்த சுற்று வரும்வரை கைகொட்டிக்கொண்டு நடப்பார். வட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை. அனுபவமுள்ள வாத்தியார்கள் நன்கு ஆடுபவரையும் புதியவரையும் அடுத்தடுத்து நிறுத்துவது இதனால்தான்.

வட்டமாக நின்று முருகனைப் பாடும் வழக்கத்துக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவையில் மலைவாழ் மக்கள் முருகனைப் பாடிக் குரவை ஆடுகிறார்கள். அதிலிருந்து இன்றைய கும்மி வரை ஒரே நேர்கோடு வரைந்துவிட முடியாது. நடுவே கும்மி என்பது பெண்கள் முளைப்பாரியைச் சுற்றிக் கொட்டும் ஆட்டமாகவும், அச்சில் மலிவுப் பதிப்புகளாக விற்ற பாட்டு வகையாகவும் பல உருவம் எடுத்திருக்கிறது.

ஆண்களிடமிருந்து பெண்களுக்கு

தமிழகத்தின் மற்ற பகுதிகளில் கும்மி என்றாலே பெண்கள் ஆட்டம். கொங்கு நாட்டின் ஒயில் கும்மி மட்டும் நெடுங்காலம் ஆண்கள் ஆடியதாகவே இருந்தது. இரவில், ஊர்ப் பொதுவிடத்தில், பல மணி நேரம் நடக்கும் நிகழ்ச்சி என்பதால் பெண்கள் அதைப் பார்ப்பவர்களாக இருந்தனர். இந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முதன்மையானவராகக் கருதப்படுபவர் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கும்மி ஆசிரியர் எம். பத்திரப்பன். அவர் பெண்களையும் குழுவில் சேர்த்துப் பயிற்றுவித்தார். கதையோடு நாட்டு வரலாறு, சமூகச் செய்திகள் ஆகியவற்றையும் பாட்டில் சேர்த்தார். 2024இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது அவருக்கு வயது 87.

அவரும் அவர் காலத்து வாத்தியார்களும் கற்பித்தவர்கள் பிறகு தாமே ஊர் ஊராகச் சென்று கற்பிக்கத் தொடங்கினர். இன்று திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் நடக்கும் அரங்கேற்றங்களில் ஒரே நிறச் சேலை கட்டிய பெண்களும், பள்ளிச் சிறுமிகளும், அவர்களுடன் ஆண்களும் நூற்றுக்கணக்கில் ஆடுவதைக் காணலாம். அறுபது வயதைக் கடந்த பாட்டிக்கு அருகில் ஏழாம் வகுப்புப் பேத்தி நிற்பது அபூர்வமான காட்சி அல்ல. பெண்கள் வந்த பிறகு கலையும் மாறியது. விடிய விடிய நடந்த கதை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் சுருங்கியது. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்களின் கலையாக அது ஆனதும் இந்தச் சுருக்கத்துக்கு ஒரு காரணம். பழைய வாத்தியார்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் சுருங்காமல் இருந்திருந்தால் இத்தனை பேர் ஆடியிருக்க முடியாது.

பனியன் நகரின் கடிகாரம்

திருப்பூரில் பனியன் உற்பத்தி 1920களில் தொடங்கியது. 1970களின் இறுதியிலிருந்து ஏற்றுமதி வளர, நகரைச் சுற்றியிருந்த உழவர் ஊர்கள் ஒவ்வொன்றாகத் தொழிலுக்குள் வந்தன. 2009இல் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பூர் தனி மாவட்டமானது. கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் செய்த குடும்பங்களில் ஒரு தலைமுறை பனியன் கம்பெனிக்குச் சென்றது. பல்லடம், மங்கலம் பக்கம் விசைத்தறி போட்டது. காலை கறவை, பகல் கம்பெனி, மாலை மீண்டும் கறவை என்று இரண்டு வாழ்க்கையும் சேர்ந்து நடக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

இத்தொழிலில் காலத்தை அளக்கும் அலகு 'ஷிப்ட்'. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை செல்வது 'ஒன்றரை ஷிப்ட்'. கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் இரவு வேலையும் உண்டு. சம்பளம் வாரக் கணக்கு, சனிக்கிழமை கைக்கு வரும், ஞாயிறு விடுமுறை. கட்டிங், பவர் டேபிள், அயர்ன், பேக்கிங் என்று வேலைகள் பிரிந்துள்ளன. ஓவர்லாக் இயந்திரத்தில் தைப்பவர்களுக்குக் கைமடித்துக் கொடுப்பது, பிசிறு வெட்டுவது, செக்கிங் பார்ப்பது ஆகிய இடங்களில் பெண்கள் மிகுதி. இவை நின்றுகொண்டோ குனிந்துகொண்டோ ஒரே அசைவைப் பல ஆயிரம் முறை செய்யும் வேலைகள். இயந்திர இரைச்சலில் பேச்சே கடினம். ஆகவே வயலில் நாற்று நடும்போது பாடியதைப் போல வேலையோடு பாடும் வழக்கம் இங்கே வளரவில்லை. பாட்டு வேலையை விட்டு வெளியேறி, வேலை முடிந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த நேரம் யாருக்கு இருக்கிறது? 2019இல் நடந்த இந்தியாவின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். இது நாடு முழுவதற்குமான கணக்கு. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண்ணிடம் அத்தனை நிமிடங்கள் மிச்சமே இருக்காது என்பது எளிய கூட்டல் கணக்கில் தெரியும். அவர் அதிகாலை எழுந்து காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சமைக்கிறார், தண்ணீர் வரும் நாளில் குடங்களை நிரப்புகிறார், துணி துவைப்பதை ஞாயிற்றுக்குத் தள்ளுகிறார்.

இதனால் கும்மிப் பயிற்சியில் ஒரு பாகுபாடு தானாகவே உண்டாகிறது. ஒரு ஷிப்டோடு மாலை வீடு திரும்புபவர்கள், வீட்டிலேயே பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுபவர்கள், சொந்தத் தறி வைத்திருப்பவர்கள், தோட்டம் உள்ளவர்கள், பள்ளி கல்லூரி மாணவியர் ஆகியோரால் வர முடிகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் பயிற்சியின் பாதியில் வந்து சேர்கிறார்கள், அல்லது பயிற்சி நடக்கும் மாதங்களில் ஒரு ஷிப்டோடு நின்றுகொள்கிறார்கள். அரை ஷிப்ட் குறைந்தால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்று வருபவர்களும் வட்டத்தில் உண்டு. வள்ளி கும்மிக்கு நுழைவுக் கட்டணம் பெரிதாக இல்லை என்று சொல்லும்போது இந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பயிற்சி மாதங்களில் வீடு

பொதுவாகக் கோயில் விழா ஒன்றை முன்னிட்டு ஊர்ப் பெரியவர்கள் ஒரு வாத்தியாரை அழைக்கிறார்கள். நல்ல நாள் பார்த்துப் பயிற்சி தொடங்கும். ஊர்க் கோயில் முன்புள்ள திடலில், இரவு உணவுக்கு முன்போ பின்போ, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் நடக்கும். ஒன்று முதல் இரண்டு மாதங்கள் இப்படிக் கற்ற பிறகு சேலை, சலங்கையோடு அரங்கேற்றம். அன்று அயலூர்க் குழுக்களும் வந்து சேர்ந்து ஆடுவதுண்டு. பிறகு அந்த ஊர் அரங்கேற்றத்துக்கு இவர்கள் போவார்கள். மொய் எழுதுவதைப் போலத்தான் இதுவும்: வந்தவர்களுக்குத் திரும்பப் போக வேண்டும்.

இந்த மாதங்களில் வீட்டின் வேலை முறை இடம் மாறுகிறது. இரவுச் சமையல் முன்கூட்டியே முடிகிறது, அல்லது எளிமையாகிறது. தோசை மாவு இருக்கும் நாள் பயிற்சிக்குத் தாமதமாகாத நாள். தானே போட்டு உண்ணாத ஆண்கள் அதைச் செய்யத் தொடங்குகிறார்கள். சில வீடுகளில் அது பயிற்சி முடிந்ததும் நின்றுவிடுகிறது, சில வீடுகளில் நிலைக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருக்கும் வீட்டில் தடை குறைவு. இருவரும் கிளம்ப வேண்டியிருப்பதால் வேலை பங்காகிறது. மருமகள் மட்டும் போகும் வீட்டில் 'நாளைக்கும் போகோணுமா?' என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

கோயிலும் கடவுள் கதையும் இங்கே ஒரு பெரிய உதவியைச் செய்கின்றன. இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் பாடி ஆடுவதற்காக வீட்டை விட்டுச் செல்வதை ஏற்காத குடும்பங்களும், முருகன் கும்மிக்குச் செல்வதைத் தடுப்பதில்லை. திடல் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. உடன் வருபவர்கள் உறவினரும் பக்கத்து வீட்டாரும். குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம். திடலின் ஓரத்தில் தூங்கிவிட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவது பயிற்சிக் காலத்தின் வழக்கமான முடிவு.

பாட்டும் வீட்டுக்குள் வருகிறது. வாத்தியார் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்வது பழைய முறை. இப்போது கைப்பேசியில் பதிவுசெய்து குழுவில் பகிர்கிறார்கள். அதைச் சமையலறையில் ஓடவிட்டு, காய் நறுக்கியபடி அடிகளை மனப்பாடம் செய்கிறார்கள். கம்பெனிக்குச் செல்லும் பேருந்திலும் வேனிலும் காதில் மாட்டிக் கேட்பவர்கள் உண்டு. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பாட்டிக்குப் பேத்தி வரி சொல்லித் தருகிறாள். பேத்திக்குத் தெரியாத 'பரண்', 'கவண்', 'தினைப்புனம்' ஆகிய சொற்களுக்குப் பாட்டி பொருள் சொல்கிறார். சேலை வாங்குவதில் ஒரு சிறு சிக்கல் எழும். எல்லாரும் ஒரே நிறம் கட்ட வேண்டும் என்பதால் மொத்தமாக எடுப்பார்கள். விலை எல்லாருக்கும் இயன்றதாக இருக்க வேண்டும். துணித் தொழில் ஊரில் இதற்கு வழி தெரிந்த ஒருவர் எப்போதும் இருப்பார்.

சேர்ந்து பாடும்போது உடலில் நடப்பது

கூடிப் பாடுவதன் விளைவுகள் உலக அளவில் ஆராயப்பட்டுள்ளன. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலுனெட் பியர்ஸ், ஜாக் லானே, ராபின் டன்பார் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்புகளையும், கைவினை, எழுத்துப் பயிற்சி வகுப்புகளையும் ஏழு மாதங்கள் ஒப்பிட்டனர். முடிவில் எல்லா வகுப்பினரிடமும் நெருக்கம் உண்டாகியிருந்தது. ஆனால் பாட்டு வகுப்பினரிடம் அது மற்றவர்களைவிட விரைவாக, தொடக்கத்திலேயே உண்டானது. அதே ஆண்டில் பிரேசில் நாட்டு மாணவர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு, ஒரே நேரத்தில் ஒரே அசைவுகளை ஆடியவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியதையும், உடன் ஆடியவர்களிடம் நெருக்கம் கூடியதையும் காட்டியது. உடலை நன்கு வருத்தி ஆடுவதும், ஒருவரோடு ஒருவர் ஒத்திசைந்து ஆடுவதும் தனித்தனியே இப்பயனைத் தந்தன. சுவீடனின் கோதன்பர்க் நகரில் 2013இல் வெளியான ஆய்வு, சேர்ந்து பாடுவோரின் மூச்சு ஒரே சீரில் அமையும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போவதைப் பதிவுசெய்தது.

கும்மியில் பாட்டு, ஒத்த அசைவு, உடல் உழைப்பு, ஒரே சீரான மூச்சு ஆகிய எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. பகல் முழுதும் நின்று செக்கிங் பார்த்தவர் இரவில் மேலும் இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து ஆடிவிட்டு, களைப்புத் தீர்ந்தது என்று சொல்வது முதலில் முரணாகத் தோன்றலாம். கம்பெனியில் அவருடைய அசைவை இயந்திரத்தின் வேகம் தீர்மானிக்கிறது. இங்கே தம்மைப் போன்ற நூறு பேரின் வேகம் தீர்மானிக்கிறது. முட்டி வலியும் இடுப்பு வலியும் உள்ளவர்களுக்கு இது மருந்தாகிவிடாது. அவர்களை வாத்தியார் குனியாத அடவுகளில் நிறுத்துவதே முறை.

வட்டத்துக்குள் யார்

கும்மியின் வளர்ச்சியோடு ஒரு சர்ச்சையும் வளர்ந்தது. கொங்குப் பகுதியில் பல பயிற்சிகளும் அரங்கேற்றங்களும் ஒரே சாதியைச் சேர்ந்தோரின் ஏற்பாட்டில் நடக்கின்றன. சில மேடைகளில் சொந்தச் சாதிக்குள்ளேயே திருமணம் செய்துகொள்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்கச் செய்தது செய்தியாகிக் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பாடப்படும் கதையை நோக்கினால் இதன் முரண் தெளிவாகும். வேடர் குலத்துப் பெண், தான் விரும்பியவனோடு ஊரை விட்டு நீங்கி, தந்தையும் சுற்றமும் எதிர்த்த பின்னரும் அவனையே மணந்த கதை அது. இரண்டு மணி நேரம் வள்ளிக்காகப் பாடிய குரல்களை இறுதியில் வள்ளிக்கு எதிராக உறுதி கூற வைப்பது கலைக்கு நியாயம் செய்வதாகாது. எல்லாச் சாதியினரும் சேர்ந்து ஆடும் குழுக்களும், பள்ளி கல்லூரிகளில் மாணவியர் வேறுபாடின்றிக் கற்கும் குழுக்களும் இதே மாவட்டங்களில் இயங்குகின்றன. ஆகவே இதைக் கலையின் இயல்பு என்று சொல்ல முடியாது; நடத்துவோரின் தெரிவு என்றே சொல்ல வேண்டும்.

வட்டத்துக்கு வெளியே நிற்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. திருப்பூரின் தொழிலாளர்களில் மதுரை, தேனி, திண்டுக்கல் போன்ற பிற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, மேற்கு வங்காளம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஏராளம். இவர்கள் லைன் வீடுகளிலும் விடுதிகளிலும் வாழ்கிறார்கள். கும்மிக்கு ஊரும் கோயிலும் உறவும் வேண்டும். இவர்களின் ஊரும் கோயிலும் உறவும் வேறிடத்தில் உள்ளன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்ப, நகரத்தின் தெருக்கள் வெறிச்சோடும். அதே பொங்கல் நாள்களில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பூநோம்பிக்குப் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள். லைன் வீட்டில் தங்கிவிட்ட மதுரைக்காரப் பெண்ணுக்குச் சொந்த ஊரின் முளைப்பாரிக் கும்மி தெரிந்திருக்கலாம். அடி வேறு, மெட்டு வேறு, கைகொட்டும் முறை ஏறக்குறைய ஒன்று. பயிற்சிக்கு அவரையும் அழைத்துக்கொள்ளும் ஊர்களில் அவர் இரண்டு மூன்று நாளில் அடவைப் பிடித்துவிடுகிறார்.

பதிவுகள்

கொங்குப் பகுதியின் வாய்மொழிப் பாடல்களில் அண்ணன்மார் கதை நன்கு பதிவுசெய்யப்பட்டது. கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கடித்துப் பாடப்பட்ட அக்கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்து, பிறகு நூலாகவும் வெளியிட்டார். அது கலைஞர்கள் பாட ஊரார் கேட்கும் கதைப்பாட்டு. ஊராரே பாடும் வள்ளி கும்மியில் ஒவ்வொரு வாத்தியாருக்கும் தனிப் பாட்டு வரிசை உண்டு. ஒரே காட்சிக்கு மெட்டும் சொல்லும் ஊருக்கு ஊர் மாறும். கைப்பேசிப் பதிவுகளும் காணொளிகளும் இப்போது ஏராளமாகச் சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அரங்கேற்ற இரவில், ஒலிபெருக்கிக்கு அருகே எடுக்கப்பட்டவை. வாத்தியாரின் குரல் உரக்கக் கேட்கும், வட்டத்தின் குரல் அடங்கி ஒலிக்கும். நாட்டார் வழக்காறு படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி இரவுகளின் பதிவே அதிகம் பயன்படும். ஓரடி மூன்று முறை தவறி, நான்காம் முறை நூறு பேர் குரலும் ஒன்றாக விழுவது அங்கேதான் கேட்கும். அரங்கேற்றம் முடிந்த பின் பல வீடுகளில் பாட்டு நோட்டுகள் அடுப்படி அலமாரியில் மளிகைக் கணக்கு நோட்டுகளோடு கிடக்கின்றன. அடுத்த ஊர் அழைப்பு வரும்போது அவை மீண்டும் வெளியே வருகின்றன.